லோயர் கேம்ப்பில் நின்ற சுவிஸ் கடிகாரம்

கையை ஆட்டினால்தான் ஓடும் சுவிஸ் கடிகாரத்தை, திருட்டுக்குப் பயந்து மூன்று நாள் பெட்டிக்குள் பூட்டிவைத்த மடையன் நான். மச்சான் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது. அவர் மகளுக்கு இன்று ஏழரைக்குக் குமுளியில் முகூர்த்தம்.

குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் டீக்கடையில் நிற்கிறேன். இங்கே வந்துதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினேன். கடிகாரத்தில் மணி ஐந்தே முக்கால். அதை நம்பி நிதானமாக இரண்டு டீ குடித்து, இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டேன். முள் அசையவில்லையே என்று இப்போதுதான் உறைக்கிறது.

"அக்கா, மணி என்ன?"

"ஆறே முக்காண்ணே. கையில பெருசா கட்டிருக்கீகளே?" என்கிறார் கடைக்கார அம்மா.

"ரெண்டு லட்ச ரூபாக்கா! கண்ணாடியில கீறலே விழாது. நூறு மீட்டர் ஆழத் தண்ணிக்குள்ளயும் ஓடும்."

"தண்ணிக்குள்ள ஓடுறது இருக்கட்டும். தரையில ஓடுமா?"

"பேட்டரி இல்ல. கைய ஆட்டணும்."

"அப்ப ஆட்டுங்க!"

ரோட்டோரம் நின்று வெறிகொண்டு ஆட்டுகிறேன். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் கிரீச்சென்று நிற்கிறது. பின்னால் ஒரு தக்காளி வேனும் நிற்கிறது.

"ஒத்த ஜீப்ப நிறுத்த இம்புட்டு ஆட்டமா? ஏறுங்கண்ணே!" என்று டிரைவர் சிரிக்கிறார்.

தூக்குவாளிகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்காருகிறேன். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் நொடிமுள் ஓடத் தொடங்குகிறது. நான் கத்த, என்னவென்றே தெரியாமல் ஜீப்பே குலவையிடுகிறது.

தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். நேற்றே குமுளிக்கு வந்துவிட்ட மனைவி, பந்தியில் கதையைக் கேட்டுச் சொன்னாள்: "வீட்டுல ஒரு வேலைக்கும் அசையாத கை. அதை நம்பி எந்தக் கடிகாரம் ஓடும்?"