அண்ணாவின் படத்துக்கு அவர்கள் போட்ட மாலை

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். வன்னியில் பிறந்து, பதுங்குகுழிக்குள் செத்தவர்களுக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியவளை எந்தப் பேய் வந்து என்ன செய்துவிடப் போகிறது? அதனால் இதை நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சமாட்டேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு வேண்டியது உங்கள் நம்பிக்கை இல்லை, அந்த மனிதன் பலெர்மோத் தெருவில் தலைகுனிந்து நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

மையத்தை விட்டு எத்தனையோ பேர் விலகிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள், சுகந்தி மட்டும் ஏன் முகத்தைக் காட்டி வீடியோ போடுகிறாள் என்று நம் ஆட்கள் கேட்கிறார்களாம். ஏன் என்பதைத்தான் இப்போது சொல்கிறேன்.

மையம் என்று நாங்கள் சொல்வது பலெர்மோவின் பெரிய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம். சாமி இல்லை, பூசை இல்லை, மனப்பயிற்சி என்றுதான் சொன்னார்கள். ஓயாத தலையிடியோடு போனேன். பொலிதேயாமாப் பக்கம், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு இத்தாலிக்கார அம்மாவின் வீட்டில் வேலை, அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு தனி அறை, கதைக்க ஒரு சனம் இல்லை. மையத்தில் தேத்தண்ணி தந்தார்கள், வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்குக் கூடவே வந்தார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அதிலேயே விழுந்துவிட்டேன்.

அங்கே எல்லாமே ஐயா என்கிற ஒருவர்தான். ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு மைக். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டவேண்டும், அவர் எதிரில் இருந்து பதிவு செய்வார். பயிற்சி முடியும்வரை அவர் ஒரு சொல் பேசமாட்டார், பேசினால் மனதில் விழுந்த கட்டு அவிழாதாம். இதை நினைவில் வைத்திருங்கள். அந்த அறைக்குள் என்னைத் தவிர யாரும் வாய் திறந்ததில்லை.

நான் கொட்டியதெல்லாம் வசந்தன் அண்ணாவைப் பற்றித்தான். சண்டை முடிந்த கையோடு, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுச் சுவரில் அவருடைய படம் இருக்கிறது, ஆனால் மாலை இல்லை, விளக்கு இல்லை, திவசம் இல்லை. காணாமல் போனவர்களின் வீடுகளில் போய்ப் பாருங்கள், எல்லாம் அப்படித்தான் இருக்கும். மாலை போட்டால் ஆள் செத்துவிட்டார் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. மகன் செத்துவிட்டான் என்று பத்திரம் எழுதித் தருகிறோம் என்று வந்த அரசாங்க ஆட்களை அம்மா விளக்குமாற்றோடு நின்று கலைத்தவ.

இவ்வளவையும் கேட்ட ஐயா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, உங்கடை கட்டு அண்ணனிலைதான் கிடக்கு. அவரை அனுப்பிவிடுங்கோ. அம்மாவோடை கதைக்கிறதையும் நிப்பாட்டுங்கோ, அவதான் இழுத்துப் பிடிச்சு வைச்சிருக்கிறா.”

“என்னெண்டு அனுப்பிறது? செத்திட்டார் எண்டு ஆர் கண்டது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அறைய என் கை துடிக்கிறது.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு லீவு என்பதால் அன்றைக்குத்தான் மையம் நிறையும். அப்படி ஒரு வியாழன், நல்ல கோடை வெயில், உள்ளே போகிறேன், எல்லாரும் எழும்பி நிற்கிறார்கள். நடுவில் ஒரு மேசை. அதில் அண்ணாவின் படம், என்றைக்கோ முகத்தைப் பார்ப்போம் என்று ஐயா கேட்டு வாங்கிய அதே படம், பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மல்லிகை மாலையோடு. பக்கத்தில் கொழுத்தாத விளக்கு. எனக்கு முன்னமே மையத்துக்கு வருகிற ரதி அக்கா நெருப்புப்பெட்டியோடு நின்றா. அவவின் மகனும் காணாமல் போனவன், அவனுக்கும் இதே மேசையில் மாலை விழுந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தாய்க்கும் தங்கைக்கும் இல்லாத உரிமை இந்த ஐயாவுக்கு யார் கொடுத்தது? இனி அந்த ஆளுக்கு ‘அவர்’ போட்டுச் சொல்ல எனக்கு வராது.

“உங்கடை கவலையை உங்கடை வாயாலையே கடைசியா ஒருக்காக் கேளுங்கோ தங்கச்சி. கேட்டிட்டு விளக்கைக் கொழுத்துங்கோ, எல்லாம் முடிஞ்சிடும்” என்றான்.

நான் இன்னும் மாலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பதிவைப் போட்டுவிட்டான். மூடிய அறைக்குள் நான் அழுது சொன்னது அத்தனை பேருக்கு முன்னால் ஸ்பீக்கரில் ஓடுகிறது. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன், செருப்புக் கழன்று போச்சு என்று சொல்லிவிட்டு என் குரல் நிற்கிறது. அந்த இடத்தில் அழுதிருக்கிறேன். அந்த இடைவெளியில் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது.

“பிறகு?”

யாரோ பின்னால் நின்று கேட்கிறார்கள் என்றுதான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் ஸ்பீக்கரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதிவில் என் குரல் மறுபடி தொடங்கி, தெருவில் விழுந்ததைச் சொல்லி, மறுபடி நின்றது.

“பிறகு, சுகி?”

சுகி என்று என்னை இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மையத்தில் நான் சுகந்தி, சிஞ்ஞோராவுக்கு சூசி. பள்ளிக்கூடத்தால் வந்து நான் கதை அளக்க, சைக்கிளைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் “பிறகு, சுகி?” என்று கேட்கிற ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த இழுவை அப்படியே இருந்தது.

ஐயா என்ன செய்தான் தெரியுமா? பாய்ந்து போய் வயரைப் பிடுங்கினான். எத்தனையோ பேரின் அழுகையை அசையாமல் இருந்து பதிவு செய்தவன் அன்றைக்கு அப்படிப் பாய்ந்ததை நான் கண்ணாரப் பார்த்தேன், வயிறு குளிர்ந்தது.

“ஏதோ ரேடியோ குறுக்கை வந்திட்டுது” என்றான்.

“எந்த ரேடியோவடா என்னைச் சுகி எண்டு கூப்பிடுறது?” என்று கத்திக்கொண்டு மாலையைப் பிய்த்து அவன் முகத்தில் எறிந்தேன். படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியில் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் என்று ஊரெல்லாம் கதை. மையத்துக்காரர் சிஞ்ஞோராவுக்கும் ஆள் வைத்துப் போனில் சொல்லிப் பார்த்தார்கள், அவ கேளாமல் என் கண்முன்னாலேயே போனை வைத்துவிட்டா. அன்றைக்கு நின்றவர்களில் ஒருவராவது குரலைக் கேட்டதாகச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ரதி அக்கா வந்து என் கையைப் பிடித்தா.

“நானும் கேட்டனான் பிள்ளை. என்ரை பேரைச் சொல்லிப்போடாதை” என்றா.

“அப்ப ஏனக்கா இன்னும் அங்கை போறியள்?”

“என்ரை பிள்ளையின்ரை கதையும் அவனிட்டைத்தானே கிடக்கு. அந்தப் பதிவுக்குள்ளை என்ரை மகனும் ஏதும் கதைச்சிருப்பானோ எண்டு...” அதோடு என் கையை விட்டுவிட்டு நடந்தா.

அன்றைக்குத்தான் முதல் வீடியோ போட்டேன். அவவின் பெயரை மாற்றித்தான் இங்கேயும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிவைத் தா என்று கேட்டேன், அழித்துவிட்டோம் என்கிறார்கள். பொய். என் அண்ணாவின் குரல் அவனிடம் கிடக்கிறது. அது என் கைக்கு வரும்வரை அவன் பலெர்மோவில் எந்த வாசலில் போய் நின்று தங்கச்சி என்று சிரித்தாலும், அந்த வாசலுக்கு என் வீடியோ அவனுக்கு முன்னால் போயிருக்கும். மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வருகிறவர்கள் தங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற ஒருவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டு வரட்டும்.

இதையெல்லாம் அம்மாவுக்கு நான் சொல்லாமலே வைத்திருந்தேன். குரல் கேட்டது என்றால், ஆவிதானே பேசும், அப்படியானால் ஆள் இல்லை, அந்த நாய் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான் என்னைத் தின்றது. ஆனால் வீடியோ கிளிநொச்சிவரை போய்விட்டது, அம்மாவே போன் எடுத்தா. நான் சிஞ்ஞோராவின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அம்மா அழவில்லை.

“குரல் எப்பிடி இருந்தது பிள்ளை? கொண்டு போகேக்கை இருந்த குரலோ?”

தண்ணிப் பைப்பைப் பூட்டினேன். அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை. கொண்டுபோகும்போது அண்ணாவுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை, மெல்லிய குரல், கத்தினால் உடையும். நான் கேட்டது அது இல்லை. கரகரத்து, சளி கட்டின, களைத்துப்போன ஒரு குரல்.

“இல்லையம்மா. வயசு போயிருந்தது.”

“செத்தவைக்கு வயசு போறேல்லை பிள்ளை” என்றா அம்மா. பிறகு, “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டா.