ரெங்கம்மாளின் தாடையும் மருமகள் கண்ணும்

குருவம்மாள் வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசிக்கு மருமகளாக வந்தது 1934-ல். மூன்றாம் மாதமே அவளுக்குக் கொள்ளிக்கண் என்று பெயராகிவிட்டது. காரணம், மாமியார் ரெங்கம்மாளின் தாடை. இலையில் உட்கார்ந்தால் போதும், வலது தாடைக்கடியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைக்கும். வலி உயிர் போகும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தானே வடிந்துவிடும். பரிமாறுகிறவள் புது மருமகள். பிறகென்ன, கண்ணேறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். மிளகாய் சுற்றிப் போட்டதில் வீடே கமறியது. அத்தை சாப்பிடும்போது அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. அப்படியும் வீங்கியது. ஆடி கழிந்ததும் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

குருவம்மாள் அழுதாள்தான். ஆனால் அழுகைக்கு நடுவிலும் கவனத்தை விடவில்லை. ஒரு நாள் அத்தை கொல்லையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை, தாடை புடைத்துவிட்டது. வாயில் நீர் ஊறினாலே வீங்குகிறது என்று இவளுக்குப் பொறி தட்டியது. ஜன்னல் வழியே தான் பார்த்ததால்தான் வீங்கியதோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகமும் வந்தது, பாவம்.

அன்றே புருஷன் சங்கிலிப்பாண்டியிடம் சொன்னாள்: "நாளைக்கு நான் குத்தாலத்துக்குப் போயிருதேன். நான் இல்லாதப்ப அத்தையவே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பறிச்சு நாக்குல பிழியச் சொல்லுங்க. வீங்கலைன்னா நானே எங்க ஊருக்குப் போயிருதேன்."

எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்ணுக்கு எத்தனை தைரியம்! அயல்வீட்டுப் பெண்களோடு வண்டியேறிப் போய் அருவியில் நின்றாளே தவிர, குளித்த நினைவே இல்லை. மனசெல்லாம் அந்தத் தாடையில் இருந்தது.

திரும்பி வந்தபோது சங்கிலிப்பாண்டி வாசலிலேயே நின்றான். "வீங்கிட்டு," என்றான். பெற்றவள் தாடை வீங்கியதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மகன் வேறெங்கும் இருந்திருக்க மாட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் நாக்குக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தார். எச்சில் வருகிற குழாயைக் கல் அடைத்திருக்கிறது, ஊறுகிற எச்சில் வெளியேற வழியில்லாமல் தேங்கி வீங்குகிறது என்றார். மரத்துப்போக மருந்து போட்டு, சின்னதாகக் கீறி எடுத்தார். பச்சரிசி மணி அளவுதான் இருந்தது. மாங்காய் விஷயத்தைச் சொன்னதும், அதைக் கவனித்தது யார் என்று கேட்டுவிட்டு, குருவம்மாளை மரியாதையோடு பார்த்தார்.

புண் ஆறியபின் ரெங்கம்மாள் இலையில் உட்கார்ந்தாள். குருவம்மாள் பரிமாறிவிட்டு, பழக்கம்போல் அடுக்களைக் கதவைச் சாத்தப் போனாள்.

"ஏட்டி, அதைச் சாத்தாத. இங்கன வந்து எதுக்க இரு. நான் சாப்பிடுதத நல்லாப் பாரு."

குருவம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். ரெங்கம்மாள் புளிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.