மூன்றடியா, ஐந்தடியா

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் அரைத்துக் கொடுக்கும் சின்ன மில் எங்களுடையது. நான் சோளம் கொட்டுவேன். மனைவி மிஷினை ஒட்டி நின்று மூட்டை பிடிப்பாள். பழைய பதினைந்து எச்பி மிஷினைத் தூக்கிவிட்டு முப்பது எச்பி போடுவதென்று முடிவானதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அடியில் இருக்கிற கான்கிரீட் தாங்குமா? தாங்காமல் சாய்ந்தால் அவள் நிற்கிற பக்கம்தான் சாயும்.

சேலத்திலிருந்து ஒரு இஞ்சினியரை வரவழைத்தேன். என்னைவிட இளையவர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தன அடி ஆழங்கண்ணா?" என்றார்.

"அஞ்சடிங்க சார். நானே நின்னு போட்டது."

சாக்கு தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "மூணடிங்க" என்றாள்.

"உனக்கென்ன புள்ள தெரியும்? குழிக்குள்ள நின்னவன் நானு."

"நீங்க உள்ள நின்னீங்க. நான் மேல நின்னு பாத்தனுங்க. இடுப்புக்கு மேல முழுசாத் தெரிஞ்சீங்க."

எனக்கோ கழுத்தளவுக் குழிதான் நினைவில் இருக்கிறது. பூஜைத் தட்டை வாங்கக் கையை உயர்த்தியது கூட மறக்கவில்லை. தட்டைக் கொடுத்ததே இவள்தான். ஒரே குழி, ஒரே நாள். இதில் யாருக்குப் புத்தி பிசகியது?

இஞ்சினியர் சிரித்தார். "ரெண்டுக்கும் நடுவுல நாலடின்னு போட்டுக்கலாங்களா? ஞாபகத்து மேல மிஷின ஏத்த முடியாதுங்கண்ணா. ஓரமாத் தோண்டிப் பாத்து எனக்குப் படம் அனுப்புங்க. வெயிட்டு தாங்கீரும். ஆட்டந்தான் சந்தேகம்."

அது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வெயிட்டைத் தாங்குவது ஆட்டத்தை ஏன் தாங்காது? கேட்கவும் கூச்சமாக இருந்தது. ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான்.

மறுநாள் மேற்குப் பக்கம் தோண்டினேன். மூன்றடியில் கான்கிரீட் முடிந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக இறுகிக் கிடக்கும் சுக்கான் பாறை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சாக்கு தைக்கப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை வருஷமும் கேட்டவர்களுக்கெல்லாம் ஐந்தடி என்று சொல்லி வந்திருக்கிறேன்.

ரோஷத்தில் வடகிழக்கு மூலையையும் தோண்டினேன். மூன்றடி தாண்டியது, நாலும் தாண்டியது, கான்கிரீட் இறங்கிக்கொண்டே போனது. ஐந்தில்தான் நின்றது. அங்கே அடியில் வெறும் மண். கடப்பாரையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் சொன்னதும் சரி என்றால் அது எப்படி?

உட்கார்ந்திருந்தபோதுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. பூஜைக்கென்று அந்த மூலையை மட்டும் முதலில் முழு ஆழம் தோண்டினோம். நவதானியம் போட நான் இறங்கியது அங்கேதான். மற்ற பக்கங்களில் மூன்றடியிலேயே சுக்கான் வந்து கடப்பாரை எகிறியது; அவள் என்னை இடுப்புக்கு மேல் பார்த்தது அங்கே நின்றபோதுதான். "நல்ல நேரம் முடியுதுங்க, ஒரு சட்டி கலவையாச்சும் ஊத்தீருங்க" என்றார் கொத்தனார். ஒரு சட்டி ஊற்றினோம். அதோடு நிற்கவில்லை, கை ஓய்கிறவரை ஊற்றிவிட்டோம். மற்ற பக்கங்களை யாருமே அளக்கவில்லை.

படம் பார்த்த இஞ்சினியர் போனில் சொன்னார்: "வேண்டாங்கண்ணா. ஒரு காலு மண்ணுல, ஒரு காலு பாறைல நிக்குது. பெரிய மிஷின் ஆட்டுனா மண்ணுப் பக்கம் எறங்கீரும்."

"அப்புறம் இத்தன வருசம் எப்படிங்க நின்னுச்சு?"

"அது சின்ன மிஷினுங்க."

மண்ணுப் பக்கம் என்றால் அவள் நிற்கிற பக்கம்.

புது மிஷினைத் தார்ப்பாய் போட்டு வாசலில் நிறுத்திவிட்டு, ஷெட்டின் மறுகோடியில் வேறு குழி எடுத்தோம். பூஜை முடிந்ததும் டேப்போடு நானே இறங்கி நாலு மூலையும் அளந்தேன். ஒரு மூலை நாலு விரல் குறைந்தது.

"நேரம் போகுதுங்க" என்றார் கொத்தனார்.

மனைவியைப் பார்த்தேன். நல்ல நேரம் பார்க்காமல் புதுத் துடைப்பம்கூட எடுக்காதவள் அவள். செல்போனில் மணியைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். "போனாப் போகுதுங்க. தோண்டச் சொல்லுங்க" என்றாள்.

கான்கிரீட் விழுந்தபோது எமகண்டம் பிறந்துவிட்டது.

இப்போது மிஷின் ஓடுகிறது. தினமும் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்காமல் நான் சுவிட்ச் போடுவதில்லை. எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, ஆட்டத்துக்கா, எமகண்டத்துக்கா?

"தடவுனது போதுங்க, சோளத்தக் கொட்டுங்க" என்கிறாள், சாக்கை விரித்துப் பிடித்தபடி.