பூஜையில் வைத்த கிடார்

போனதை மறந்துவிடச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் யாரும் கிடாரைப் பறிகொடுத்ததில்லை.

எங்கள் பழைய ராக் பேண்டு வளர்ந்தது ஓசூரில் டிரம்மரின் லேத் பட்டறையில். ஆயுத பூஜை வந்தால் அவன் லேத்தோடு சேர்த்து டிரம்முக்கும் என் கிடாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவான். மறுநாள் காலை பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. நான் முஸ்லிம் வீட்டுப் பையன், எனக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் பட்டறை அவனுடையது என்பதால் நானும் தொடமாட்டேன்.

அப்படி ஒரு ஆயுத பூஜை சாயங்காலம் எங்கள் பாடகனுக்கு பெங்களூர் பப் ஒன்றில் அன்றிரவே பாட திடீர் சான்ஸ் வந்தது. நாளைக்கென்றால் எல்லோரும் போகலாம் என்றோம். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பொட்டு வைத்த கிடாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். நான் எழுதிய பாட்டைத் தன் பாட்டு என்று அங்கே பாடினான். போனில் கேட்டதற்கு, "நீங்க பட்டறையில பூசணிக்காய் ஒடைச்சிக்கிட்டே இருங்கடா" என்றான். பேண்டு அன்றோடு முடிந்தது. கிடாரும் திரும்பி வரவில்லை.

வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் புது பேண்டு ஆரம்பித்தேன். டிரம்மர் கூடவே வந்தான். தளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வரும் ஒரு பெண் பாட வந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், தமிழில் பாடினால் தகரக்கூரை அதிரும். மூன்று பேருக்கும் ஷிப்ட் ஒத்துவராமல் முதல் ஆல்பம் இழுத்துக்கொண்டே போனது. திருடுபோன பாட்டையே முதல் பாட்டாக வைத்தேன். வேண்டுமென்றே விஜயதசமி காலையில் வெளியிடுவதாகச் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் பழைய பாடகன் பட்டறை வாசலில் நின்றான். பெங்களூரில் அவன் சேர்ந்திருந்த பேண்டு அவனைக் கழற்றிவிட்டிருந்தது. தோளில் என் கிடார். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும், முதல் பாட்டில் நாலு வரி மட்டும் பாடிக்கொள்வதாகவும், இப்போதே ரெக்கார்ட் பண்ணினால் காலைக்குள் சேர்த்துவிடலாம் என்றும் கெஞ்சினான். டிரம்மர் இளகிய மனசுக்காரன், என் முகத்தையே பார்த்தான்.

லேத்துக்குப் பக்கத்தில் மைக்கும், ஆல்பம் இருந்த லேப்டாப்பும் சந்தனப் பொட்டோடு இருந்தன. அன்றைக்கு என்னைவிடப் பெரிய பக்திமான் ஓசூரிலேயே கிடையாது.

"பூஜையில இருக்குது. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்" என்றேன்.

"நீ எப்ப இருந்துடா பூஜையெல்லாம் பாக்கற?"

"நீ கிடாரைத் தூக்கிட்டுப் போனியே, அன்னையில இருந்து."

அவன் தோளிலிருந்த கிடாரைக் கழற்றி உள்ளே வைத்தேன். பூஜைப் பொரியில் ஒரு கை அள்ளிக் கொடுத்து அனுப்பினேன்.