வயிற்றில் வந்து நரம்பில் ஏறியது

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குக் கோழி அடித்தோம். விருந்தாளிகள் அதிகம், கறி சரியாக வேகவில்லை. இரண்டு மூன்று நாளில் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு. கஞ்சியும் மோரும் குடித்துத் தேறினோம். பிறகு கடலைக்காட்டில் களையெடுப்பு வந்தது, எல்லாரும் அதை மறந்தே போனோம்.

ஒருநாள் காட்டிலிருந்து திரும்பும்போது பின்னால் வந்த என் கணவர் என் செருப்பு ஒன்றைக் கையில் தூக்கி வந்தார். அது காலைவிட்டுக் கழன்றதே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பால் கறக்கக் குந்தியவளால் எழ முடியவில்லை. மரமரப்பு முழங்கால், இடுப்பு, கை என்று ஏறிக்கொண்டே வந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். மந்திரித்த கயிறு ஒன்றை மணிக்கட்டில் கட்டினார்கள். கட்டியது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் கொண்டுபோவதற்குள் பேச்சு குழறிவிட்டது. டாக்டர் முதலில் கேட்டது, சமீபத்தில் வயிற்றால் போனதா என்றுதான். கால் விழுந்தவளுக்கு வயிற்றை ஏன் விசாரிக்கிறார் என்று கணவர் விழித்தார். குடலில் புகுந்த கிருமியை அழிக்க உடம்பே கிளப்பிய எதிர்ப்பு, கிருமி போன பிறகும் அடங்காமல் தன் நரம்பையே தாக்குகிறது, கிருமிக்கும் நரம்புக்கும் ஏதோ சாயல் ஒற்றுமை இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள் என்றார் டாக்டர். எல்லாரும்தானே சாப்பிட்டோம், இவளுக்கு மட்டும் ஏன் என்று கணவர் கேட்டார். அது தெரியாது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

"மூச்சு நிக்காம பாத்துக்கிட்டா நரம்பு தேறிடும். ஆனா நாளாகும்."

அதன் பிறகு முகமும் போனது. நாக்கு அசையவில்லை. இமை மூடவில்லை. நர்ஸ் கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஈரப் பஞ்சு வைப்பார், அது விழுந்துவிடும். காது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஒரு மத்தியானம் அம்மாவும் என் தங்கையும் கட்டிலருகே இருந்தார்கள். என் கைக்குழந்தையை அப்போது தங்கைதான் வளர்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இவ தேறுவான்னு எனக்குத் தோணல. கொழந்தை உங்கிட்டதான் ஒட்டிக்கிச்சு. மாமாவ நீ கட்டிக்கிட்டா அது அனாதையாவாது."

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அக்கா நம்மளயே பாக்குறா."

"கண்ணு மூடாதுல்ல, அதான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

தங்கை குனிந்து என் கண்ணுக்குள் பார்த்தாள். தெரிகிறது என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மருந்து வழிகிறது என்று அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

நான் தேறினேன். முதலில் இமை, பிறகு விரல்கள். பொங்கல் கழிந்து சுவரைப் பிடித்து நடந்தேன். அத்தனை மாதமும் என்னைத் தூக்கி உட்காரவைத்து, சோறூட்டி, காலை நீவிவிட்டவள் அம்மாதான். அவள் இல்லாவிட்டால் நான் நடந்திருக்க மாட்டேன். அவள் கை என் காலில் படும்போதெல்லாம் அந்த மத்தியானக் குரல் கேட்கும்.

தங்கையைப் பென்னாகரத்தில் கட்டிக்கொடுத்தோம். இன்றும் வயிறு சற்றுக் கலங்கினால் நான் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறேன். உடம்பை நம்புவது விட்டுப்போயிற்று.

அம்மாவின் காரியம் முடிந்த அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை நிமிராமல் கேட்டாள்:

"ஆஸ்பத்திரியில ஒனக்கு நெனவு இருந்துச்சாக்கா?"

இல்லை என்றேன். கையிலிருந்த குண்டானை அவள் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.