பதினாலாம் நம்பர் அக்கா

காலையில் காலண்டர் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். வெள்ளையாகத்தான் இருக்கும். தெரிந்தும் பார்ப்பேன். வீட்டுக்காரர் கேலி செய்வார், செய்துவிட்டுப் போகட்டும்.

அப்படியொரு தாளின் பின்னால்தான் பதினாலாம் நம்பர் அக்கா தன் ஈமெயில் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. ஆவடியில் எங்கள் அப்பாக்கள் வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் யாரையும் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். வீட்டு நம்பர்தான் பெயர். நாங்கள் பதினைந்து, எதிர்வீடு பதினாலு. அம்பத்தூர் எஸ்டேட்டில் அக்காவுக்கு ஒரு கம்பெனி, எனக்கு ஒரு கம்பெனி. ஆறு வருடம் ஒரே ரயிலில் போனோம். லேடீஸ் பெட்டியில் ஒரு ஜன்னல் சீட்டைப் பிடித்து, அண்ணனூர் வரை அவளும் அதற்குப் பிறகு நானுமாக உட்காருவோம். அவளுடைய எலுமிச்சை சாதத்தில் பாதி எனக்கு. கூடப் பிறந்திருந்தால்கூட அவ்வளவு ஒட்டியிருப்போமா தெரியாது.

அவள் அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் போகச் சாமான் லாரி நின்றுகொண்டிருந்தபோது அந்தத் தாளை என் கையில் திணித்தாள். “ஊட்டு அட்ரஸ் மாறிகினே இருக்கும்டி. இது எங்க போனாலும் மாறாது. நீதான் மொதல்ல எழுதணும், சொல்லிட்டேன்” என்றாள்.

மறுநாளே ஆபீஸ் கம்ப்யூட்டரின் முகவரிப் பட்டியலில் ‘14’ என்று போட்டு விலாசத்தை ஏற்றினேன். தாளில் டிபன் பாக்ஸ் எண்ணெயைத் துடைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரிலேயே இருக்கும்போது தாள் எதற்கு என்ற திமிர். கடிதம் மட்டும் எழுதவில்லை. சாவகாசமாக, நீளமாக எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சில மாதங்கள் கழித்து, ஃபிளாப்பியில் இருந்த டீலர்கள் பட்டியல் முழுவதையும் ஈமெயில் முகவரிப் பட்டியலில் ஏற்றச் சொன்னார் மேனேஜர். வேலையோடு வேலையாக எங்கள் குவார்ட்டர்ஸ்காரர்களையும் ஃபிளாப்பியின் கடைசியில் சேர்த்து ஏற்றினேன். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த குடும்பத்துப் பெண்ணும் அதில் உண்டு. அவளும் ‘14’தான்! இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, பழையதை மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யாரோ டீலர் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று தட்டிவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று ஒருவழியாக அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதி ‘14’க்கு அனுப்பினேன். அன்று மாலை எதிர்வீட்டுப் புதுப் பெண் வாசலில் வந்து நின்று சிரித்தாள். “இன்னாக்கா, எதிர் ஊட்லதான கீறேன், எனக்குப் போயி மெயிலு போட்டுக்கீற?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவள் பயந்துபோனாள். விலாசத்தில் அக்காவின் பெயரும் அதையொட்டி ஏதோ எண்களும் இருந்தன. நினைவுக்கு வந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. அவர்கள் ஊரில் எங்கே குடியிருந்தார்கள் என்பது குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியவில்லை. அவளில்லாமலே என் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் தாளைக் கிழித்துத் திருப்பினேன். எங்கே போனாலும் மாறாது என்றாளே, மாறியிருக்காது. நான்தான் முதலில் எழுத வேண்டும் என்று அவள் இன்னும் காத்துக்கொண்டிருப்பாள்.