சிகரெட் அட்டை லாரி

எண்பதுகளின் நடுவில், கணவனுக்குக் கைவேலை தேடி அலைந்த பெண் தருமபுரியில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். மற்ற பெண்கள் தங்களுக்காகக் கூடை பின்னவும் எம்பிராய்டரி போடவும் கற்றுக்கொண்டிருந்தார்கள். நானோ மீசை வைத்த ஒரு ஆளுக்கு எது பொருந்தும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ஒரு சிகரெட் தொட்டாலும் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, சும்மா இருக்கிற கைதான் சிகரெட்டைத் தேடும், அதற்கு ஏதாவது வேலை பழக்கிவிடுங்கள் என்றார். டாக்டர் யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டது நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது இவர் ஒருவர்தான்.

எதிர் வீட்டு பாயின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்குத் தெரியாத கைவேலை கிடையாது. இரண்டு பேரும் உட்கார்ந்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒயர் கூடை பின்னினால் தெருவே சிரிக்கும் என்று இவர் தள்ளிவிட்டார். குரோஷா ஊசியைக் காட்டியதும், நான் என்ன சமைந்த பெண்ணா என்று கேட்டார். தீக்குச்சி ஒட்டிக் கோபுரம் கட்டுவது ஆண்களும் செய்வதுதான். ஆனால் தீப்பெட்டியை இவர் கையில் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசியில் இவரே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். இவருக்கு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா வேலை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு டிரைவர் தன் வண்டியில் ஒரு விசிறி வைத்திருந்தாராம். காலி சிகரெட் அட்டையை நறுக்கி, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்தது. பசைகூட வேண்டாம். நான் முறைத்தேன். காலி அட்டைதானே, அதில் என்ன இருக்கிறது என்றார். குடியை விட்டவன் காலி பாட்டிலில் செடி வளர்ப்பதில்லையா என்று அக்காவும் ஒத்து ஊதினார். சரி என்று சொன்ன புத்திசாலி நான்.

கைவேலை பிடித்துக்கொண்டது. முழங்கை நீளத்துக்கு ஒரு லாரியே செய்யப்போவதாக அறிவித்தார். மஞ்சள் அட்டையில் பாடி, சிவப்பு அட்டையில் கேபின், உள்ளே வரும் வெள்ளித்தாளில் பம்பர். டிரைவர்கள் பை பையாகக் காலி அட்டை கொடுத்தனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் இவர் கையில் ஒரு கலை ஒளிந்திருந்ததாகச் சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் வீடு முழுக்கப் புகையிலை வாடை. முன்பெல்லாம் சட்டையை முகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போது சட்டை, விரல், தலையணை எல்லாம் அதே வாடை. கேட்டால் அட்டையைக் காட்டுவார். இவரைக் கையும் களவுமாகப் பிடிக்க எனக்கிருந்த ஒரே வழியையும், கைவேலை என்று பேர் வைத்து நானே அடைத்துவிட்டேன். இருமல் மட்டும் குறையவில்லை. அட்டைத் தூசி என்றார்.

அந்தச் சமயத்தில் லாரி ஸ்டிரைக் வந்தது. ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். தொப்பூர் கணவாயிலேயே வண்டிச் சத்தம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். டிரைவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்த அட்டையும் தீர்ந்து, பை காலியாகத் தொங்கியது. இவர் காலையும் மாலையும் காலாற நடந்துவிட்டு வருவார், அவ்வளவுதான். ஆனாலும் லாரிக்குப் பின்சக்கரங்கள் முளைத்தன. அத்தனையும் கசங்காத புது அட்டை.

கோபம் வரும் என்று நினைத்தேன், பயம்தான் வந்தது.

"இதெல்லாம் யாருங்க குடுத்தாங்க?"

இவர் சக்கரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "லாரி முடியற வரைக்குந்தான். முடிஞ்சதும் வுட்டுர்றேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவர் அதை நிஜமாகவே நம்பிச் சொன்னார். லாரி முடிந்தால் பஸ், பஸ் முடிந்தால் ரயில்.

மறுநாள் இவர் நடக்கப் போனதும் லாரி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பக்கப் பலகையும் பின்கதவும் பாக்கி. அட்டை இல்லை. சோப்பு அட்டை, அக்கா வீட்டு டீத்தூள் அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் நறுக்கினேன். எனக்கு மடிப்பு வரவில்லை. செருகியது எல்லாம் கழன்று விழுந்தது. ஊசி நூல் எடுத்துத் தைத்தே நிறுத்திவிட்டேன். கதவு கோணிக்கொண்டு நின்றது.

இவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்.

"லாரி முடிஞ்சிருச்சுங்க."

இவர் உட்கார்ந்து பார்த்தார். கோணல் கதவை நிமிர்த்தப் போய், கையை எடுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். பாதிக்கு மேல் இருந்தது. அதை லாரியின் நடுவில் வைத்தார்.

"இதையும் லோடு ஏத்திரு."

நான் லோடோடு லாரியைத் தூக்கிக்கொண்டு போய், புழக்கடையில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் வைத்தேன். இவரும் பின்னாலேயே வந்து நின்றார். முதலில் மஞ்சள் அட்டை பிடித்துக்கொண்டது.

"பொக வருது, இங்க நிக்காதீங்க" என்றேன். "உள்ள போங்க."